யூபிஏ-வைப் புகழ்ந்தவர்களும் பழித்தவர்களும் பார்க்கத் தவறியது

1957 மார்ச்சில் நடந்த ஆஸ்கர் விழாவில் கார்ட்டூன் குறும்படப் பிரிவுக்கு மூன்று படங்கள் தேர்வாகியிருந்தன: 'ஜெரால்ட் மெக்போயிங்-போயிங் ஆன் பிளானட் மூ', 'தி ஜேவாக்கர்', 'மகூஸ் பட்டில் ஜம்பர்'. மூன்றும் யுனைடெட் புரொடக்‌ஷன்ஸ் ஆஃப் அமெரிக்கா, சுருக்கமாக யூபிஏ, என்ற கலிஃபோர்னியா ஸ்டுடியோவில் தயாரானவை. உறையைப் பிரிக்கும் முன்பே பரிசு யாருக்கு என்று தெரிந்துபோன பிரிவு அது. (மகூ படம் வென்றது. மூன்றில் அதுதான் சிறந்ததா என்பது வேறு விஷயம்.) டிஸ்னி, வார்னர் பிரதர்ஸ், எம்ஜிஎம் யார் பெயரும் பட்டியலில் இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1955-ல், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் யூபிஏ-வுக்கென்று தனிக் கண்காட்சி வைத்திருந்தது.

1994-க்கு வருவோம். அனிமேஷன் துறையில் இருக்கும் சுமார் ஆயிரம் பேரிடம் வாக்குக் கேட்டு, மிகச் சிறந்த 50 கார்ட்டூன்கள் என்று ஒரு பட்டியல் புத்தகமாக வந்தது. முதல் பத்தில் ஐந்து வார்னர் படங்கள். எம்ஜிஎம்-மில் டெக்ஸ் ஏவரி எடுத்தவை இரண்டு. யூபிஏ-வுக்கு ஒன்று, அதுவும் ஒன்பதாம் இடம். இடைப்பட்ட காலத்தில் யூபிஏ என்றாலே கார்ட்டூன் ரசிகர்கள் முகம் சுளிக்கும் நிலை வந்திருந்தது. தொலைக்காட்சியில் வாய் மட்டும் அசையும் மலிவுக் கார்ட்டூன்களுக்கு வழிவெட்டிக் கொடுத்தவர்கள் இவர்கள்தான் என்று பழி. பிறகு 2000-க்கு மேல் காற்று மறுபடி திசை மாறியது. இப்போது வடிவமைப்பு மாணவர்கள் யூபிஏ ஃபிரேம்களைச் சேகரித்து வைத்துக்கொள்கிறார்கள்.

படங்கள் மாறவில்லை. என் கணிப்பில், இந்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதி எந்தப் படம், எந்தப் பிரதியில், யார் கண்ணில் பட்டது என்பதைப் பொறுத்தது. மீதி, வரையும் முறையையும் பட்ஜெட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால் வந்தது.

1941 மே மாதம் டிஸ்னி ஸ்டுடியோவில் வேலைநிறுத்தம் வெடித்தது. உடனடிக் காரணம், மூத்த அனிமேட்டர் ஆர்ட் பாபிட்டை வேலையிலிருந்து நீக்கியது. அது முடிந்த கையோடும் அதன் பிறகும் வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர், நவீன ஓவியம் படித்த, டிஸ்னியின் உருண்டை திரண்ட வடிவங்களில் சலித்துப்போன இளைஞர்கள். ஸ்டீஃபன் பொசுஸ்டோ, டேவிட் ஹில்பர்மன், ஸாக் ஷ்வார்ட்ஸ் மூவரும் 1943-ல் தொடங்கிய சிறு நிறுவனம்தான் பின்னாளில் யூபிஏ ஆனது. முதலில் கைகொடுத்தவை தொழிற்சங்கப் படங்களும் ராணுவப் பயிற்சிப் படங்களும். வாகனத் தொழிலாளர் சங்கத்துக்காக, ரூஸ்வெல்ட்டின் 1944 தேர்தலையொட்டி ஒரு பிரசாரப் படம் செய்தார்கள். இயக்கியவர் சக் ஜோன்ஸ், அப்போது அவர் வார்னரில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர். அதே சங்கத்துக்காகச் செய்த 'பிரதர்ஹுட் ஆஃப் மேன்', இன வேற்றுமை என்பது தோலின் நிறத்தோடு நின்றுவிடுவது என்று பத்து நிமிடத்தில் பாடம் எடுக்கும் படம். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தப் பயிற்சிப் படங்கள் ஒரு முக்கியமான விடுதலையைக் கொடுத்தன. ஒரு கருத்தை விளக்க வேண்டும்; முயலையும் பூனையையும் ஓடவிட வேண்டிய கட்டாயமில்லை. 1946-ல், பின்னாளில் யூபிஏ-வின் முக்கிய இயக்குநரான ஜான் ஹப்ளியும் ஷ்வார்ட்ஸும் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையின் வாதமும் இதுதான்: கேமரா பார்ப்பதை நகலெடுப்பது அனிமேஷனின் வேலை இல்லை, வரைபடமும் குறியீடும் பேசும் மொழியை அது கற்றுக்கொள்ள வேண்டும். 1948-ல் கொலம்பியா நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனபோது, கொலம்பியாவின் பழைய கார்ட்டூன் பாத்திரங்களான நரியும் காகமும் தலையில் கட்டப்பட்டன. அந்தக் கட்டாயத்திலும் 'ராபின் ஹுட்லம்', 'தி மேஜிக் ஃப்ளூக்' என்ற இரண்டு படங்கள் ஆஸ்கர் பரிந்துரை பெற்றன. அதன் பிறகு கொலம்பியா கொஞ்சம் பிடியைத் தளர்த்தியது.

1950-ல் வந்தது 'ஜெரால்ட் மெக்போயிங்-போயிங்'. கதை டாக்டர் சூஸ், இயக்கம் ராபர்ட் கேனன், வடிவமைப்பு பில் ஹர்ட்ஸ், இசை கெயில் கூபிக். வாயைத் திறந்தால் சொல்லுக்குப் பதில் 'போயிங்' என்ற சத்தம் வரும் சிறுவன். பள்ளியும் நண்பர்களும் ஒதுக்க, வீட்டைவிட்டு ஓடுகிறான், வானொலி நிலையத்தில் ஒலி விளைவுகள் செய்யும் வேலை கிடைக்கிறது. ஏழு நிமிடம். கதையை விடுங்கள், அறைகளைப் பாருங்கள். சுவர் தரையைத் தொடும் இடத்தில் கோடு கிடையாது. ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு படிக்கட்டு: அவ்வளவுதான் வீடு. மீதி இடம் முழுக்க ஒரே நிறம், அந்த நிறம் பையனின் மனநிலையோடு மாறுகிறது. அப்பா கோபப்படும் இடத்தில் ஒரு நிறம், ராத்திரியில் ஓடும் இடத்தில் இருட்டின் வேறு வேறு அழுத்தங்கள். பின்னணி நிறமே நடிக்கிறது. அதனால் பையன் அதிகம் அசைய வேண்டியதில்லை.

இந்த 'அதிகம் அசைய வேண்டியதில்லை' என்பதில்தான் பின்னாள் சண்டை முழுக்க இருக்கிறது. அதனால் தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்பது நல்லது.

சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. ஏழு நிமிடப் படத்துக்கு 10,080 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு படம் வரைவது உண்டு. ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி விநாடிக்கு 12 வரைவதும் உண்டு. இரண்டாவது முறை டிஸ்னி உட்பட எல்லாரும் செய்வதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லிமிடெட் அனிமேஷன், அதாவது அசைவைக் குறைத்து வரையும் முறை, இன்னும் ஒரு படி இறங்குகிறது. உடல் ஒரு செல் தாளில் (படம் வரையும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்), தலை இன்னொன்றில், வாய் மூன்றாவதில். உடல் அப்படியே நிற்க, வாய் மட்டும் மாறும். அல்லது ஒரு போஸிலிருந்து அடுத்த போஸுக்கு இடையில் வர வேண்டிய படங்களைப் பாதியாகக் குறைத்து, போஸைக் கூடுதல் நேரம் நிறுத்திவைப்பார்கள்.

வரையும் எண்ணிக்கை குறையும்போது வேலை குறைந்துவிடும் என்று நினைப்பது தப்பு. சிரமம் வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. முதலாவது, நிற்கும் போஸ் தனியாக நின்று பேச வேண்டும். இருபது படங்களுக்கு இடையில் ஒரு சுமாரான போஸ் ஒளிந்துகொள்ளும். ஒரு முழு விநாடி நிற்கும் போஸில் கை ஒரு நூல் தப்பினாலும் தெரியும். இரண்டாவது, எத்தனை ஃபிரேம் நிறுத்துவது என்ற கணக்கு. கண் வாசித்து முடிக்கும் முன் மாறினால் சிரிப்பு வராது; தாண்டி நின்றால் படம் செத்துப்போகும். மூன்றாவது, பலரும் கவனிக்காத ஒரு பௌதிகச் சிக்கல். செல் தாள் முழுக்கக் கண்ணாடி போல இருக்காது. ஒவ்வொரு அடுக்கும் கீழே இருக்கும் பெயிண்டைக் கொஞ்சம் மங்கலாக்கும். ஷாட் நடுவில் ஒரு அடுக்கை எடுத்துவிட்டால் சட்டையின் நிறம் குதிக்கும். அதனால் தேவை இல்லாத இடத்திலும் வெற்று செல் வைத்து அடுக்குகளின் எண்ணிக்கையை நிலையாகக் காப்பார்கள், அடுக்குக்கு ஏற்றபடி பெயிண்டையும் சற்று மாற்றிக் கலக்குவார்கள். இலையும் கிளையும் நிறைந்த டிஸ்னி பின்னணியில் சின்னக் குதிப்பு கண்ணில் படாது. யூபிஏ-வின் ஒற்றை நிறச் சுவரில் தூசியும் கீறலும்கூடத் தப்பாது.

ஆகவே இந்தப் படங்கள் மலிவானவை இல்லை. கொலம்பியா ஒதுக்கிய பட்ஜெட்டை யூபிஏ தாண்டிப்போவது அடிக்கடி நடந்தது. லிமிடெட் அனிமேஷன் என்ற முத்திரையும் எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. ஹப்ளியின் 'ரூட்டி டூட் டூட்' (1951) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காதலன் ஜானியை ஃபிராங்கி சுட்டதைச் சொல்லும் பழைய அமெரிக்கப் பாட்டின் கொலை வழக்கை நீதிமன்ற நடனமாக மாற்றிய படம். ஃபில் மூரின் ஜாஸ் இசை, பால் ஜூலியனின் நிறங்கள். அதில் அனிமேட்டர்களாக வேலை பார்த்தவர்களில் ஒருவர் அதே ஆர்ட் பாபிட், இன்னொருவர் பெட்டி பூப் என்ற கார்ட்டூன் பெண்ணை உருவாக்கி ஸ்னோ ஒயிட்டிலும் கைவைத்த கிரிம் நாட்விக். ஃபிராங்கி தரையில் வழுக்கிக்கொண்டு போகும் அசைவுகளைப் பார்த்துவிட்டு அசையத் தெரியாத ஸ்டுடியோ என்று யாராவது சொன்னால், அவர் படத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அந்த வருட ஆஸ்கர் ஒரு டாம் அண்ட் ஜெர்ரி படத்துக்குப் போனது.

'தி டெல்-டேல் ஹார்ட்' (1953) இதற்கு எதிர் முனை. எட்கர் ஆலன் போ கதை, ஜேம்ஸ் மேசன் குரல், டெட் பார்மலி இயக்கம். இதில் நிஜமாகவே அசைவு மிகக் குறைவு: ஓவியங்கள் மேல் கேமரா நகர்கிறது, ஒன்று இன்னொன்றில் கரைகிறது, நிழல் நீள்கிறது. கொலைகாரனின் கண் வழியாகவே பார்ப்பதால் அவன் நடக்கும் படத்தை வரைய வேண்டிய தேவையே இல்லை. சிக்கனம் கதை சொல்லும் முறைக்குள்ளேயே இருக்கிறது. முப்பரிமாணத்தில் காட்டும் எண்ணத்தோடு தொடங்கி, கடைசியில் சாதாரணப் படமாகவே வெளியானது. பிரிட்டனில் தணிக்கைக் குழு இதற்கு வயது வந்தோருக்கான எக்ஸ் சான்றிதழ் கொடுத்தது. ஒரு கார்ட்டூனுக்கு அப்படிக் கிடைத்தது அதுவே முதல் முறை. ஆஸ்கரில் இதைத் தோற்கடித்தது டிஸ்னியின் 'டூட், விசில், பிளங்க் அண்ட் பூம்'. அந்தப் படத்தின் தட்டையான உருவங்களையும் கோணல் கோடுகளையும் பார்த்தால் யூபிஏ-விடம் டிஸ்னி வாங்கிய கடன் தெரியும்.

இதே சமயத்தில் ஸ்டுடியோ உள்ளே உடைந்துகொண்டிருந்தது. கம்யூனிஸ்ட் வேட்டைக் காலம். தொழிற்சங்கப் பின்னணி கொண்ட கலைஞர்கள் மேல் கறுப்புப் பட்டியல் பாய்ந்தது. 1952-ல் ஹப்ளி வெளியேற வேண்டியதாயிற்று, எழுத்தாளர் ஃபில் ஈஸ்ட்மனும் போனார். யூபிஏ-வில் கடுமையும் கசப்பும் கொண்ட நகைச்சுவை ஹப்ளியுடையது. கேனனுடையது மென்மை. ஹப்ளி போனதும் தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. நினைத்தது கிடைக்காவிட்டால் கோழியாக மாறிவிடும் சிறுவனைப் பற்றிய 'கிறிஸ்டோபர் க்ரம்பெட்' போன்ற படங்கள் பார்க்க அழகாக இருக்கின்றன. ஆனால் யாரும் யாரோடும் மோதாத அந்த உலகத்தில் சிரிக்கவும் அதிகம் இல்லை. யூபிஏ படங்கள் அழகு காட்டிக்கொண்டு நிற்கின்றன என்ற பிற்காலக் குற்றச்சாட்டு இந்த வரிசைக்கு நியாயமானதுதான்.

மகூ கதையும் இப்படியே. 1949-ல் 'ராக்டைம் பேர்' படத்தில் ஹப்ளி அறிமுகப்படுத்திய மகூ, பார்வைக் குறைவைவிடப் பிடிவாதத்தால் வழி தவறுகிற முரட்டுக் கிழவர். தான் பார்த்ததே சரி என்று சாதிக்கும் மனிதர் மீதான கிண்டல் அது. கொலம்பியாவுக்கு வேண்டியது திரும்பத் திரும்ப விற்கக்கூடிய ஒரு பாத்திரம். தியேட்டருக்கென்று 53 மகூ படங்கள் வந்தன, போகப்போக அவர் நல்ல தாத்தாவாகக் கனிந்தார். கிண்டலுக்குக் காரணமாக மிஞ்சியது கண் பார்வை மட்டும். 1997-ல் மகூவை வைத்து நடிகர்கள் நடித்த படம் வந்தபோது அமெரிக்கப் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு எதிர்த்தது ஏன் என்பதற்கு வேர் இங்கே இருக்கிறது.

1960-ல் ஹென்றி சேப்பர்ஸ்டீன் ஸ்டுடியோவை வாங்கினார். அடுத்த இரண்டு வருடத்தில் தொலைக்காட்சிக்காக ஐந்து நிமிட மகூ படங்கள் குவியலாக வந்தன. டிக் டிரேசி என்ற துப்பறிவாளரின் படங்கள் மட்டும் 130. டிரேசி ஆரம்பத்தில் உத்தரவு போட்டுவிட்டுப் போய்விடுவார், வேலையை உதவியாளர்கள் செய்வார்கள். அவர்களில் ஜோ ஜிட்சு என்ற ஜப்பானியத் துப்பறிவாளரும், கோ-கோ கோமஸ் என்ற மெக்சிகோக்காரரும் இனக் கேலிச் சித்திரங்கள். மகூ வீட்டில் சார்லி என்ற சீன வேலைக்காரர், கேட்கக் கூசும் உச்சரிப்போடு. 'பிரதர்ஹுட் ஆஃப் மேன்' எடுத்த பெயர்ப்பலகையின் கீழ் இது வந்தது. அறுபதுகளில் தொலைக்காட்சி முன் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு யூபிஏ என்றால் இவைதான். அவர்கள் வளர்ந்து கார்ட்டூன் வரலாறு எழுத உட்கார்ந்தபோது கை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்?

அதே தலைமுறை தினமும் பார்த்தவை பழைய வார்னர் படங்கள். 1948-க்கு முந்தைய வார்னர் கார்ட்டூன்களின் தொலைக்காட்சி உரிமை 1956-ல் விற்கப்பட்டு, நிலையங்களில் இடைவிடாமல் ஓடியது. அவற்றை இயக்கிய ஏவரியையும் (எம்ஜிஎம்-முக்கு முன் வார்னரில் இருந்தவர்) பாப் கிளாம்பெட்டையும் அந்தப் பிள்ளைகள்தான் எழுபதுகளில் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியவர்கள்தான். ஆனால் ஒரு கட்சி உயர இன்னொன்று தாழ வேண்டும் என்று ஒரு பழக்கம் உண்டே, அது இங்கேயும் நடந்தது.

மலிவுக் கார்ட்டூன்களுக்கு யூபிஏ காரணமா? எம்ஜிஎம் 1957-ல் தன் கார்ட்டூன் பிரிவை மூடியதும் வெளியே வந்த, டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கிய ஹன்னாவும் பார்பெராவும் தொலைக்காட்சிக்கு ஐந்து நிமிடப் படத்தை 3,000 டாலர் அளவில் செய்துகொடுக்க வேண்டியிருந்தது. டாம் அண்ட் ஜெர்ரிக்கு ஆன செலவில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தத் தொகையில் யார் உட்கார்ந்தாலும் வாயை மட்டும்தான் அசைக்க முடியும். சக் ஜோன்ஸ் அந்த ரகத்தைப் படம் போட்ட வானொலி என்று கேலி செய்தார். கண்ணை மூடினாலும் கதை புரியும் என்ற பொருளில். அந்தச் சோதனையை 'ரூட்டி டூட் டூட்' மேல் போட்டுப் பாருங்கள், கண்ணை மூடினால் பாதிப் படம் காணாமல் போகும். யூபிஏ செய்த குற்றம் ஒன்று உண்டென்றால், குறைந்த அசைவுக்கு ஒரு கௌரவத்தைத் தேடிக்கொடுத்தது. அந்தப் போர்வையை மற்றவர்கள் எடுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

அமெரிக்காவுக்கு வெளியே இந்தச் சரிவு அவ்வளவாக இல்லை. 'தி ஃபோர் போஸ்டர்' (1952) என்ற நடிகர்கள் நடித்த படத்தின் இடையிடையே யூபிஏ செய்த அனிமேஷன் துண்டுகள் வரும். அவற்றைப் பார்த்து உந்துதல் பெற்றவர்களில் யூகோஸ்லாவியாவின் ஸாக்ரெப் நகரத்து இளைஞர்கள் உண்டு. அங்கிருந்து வந்த துஷான் வுகோடிச்சின் 'சுரோகாட்' (1961), அனிமேஷன் குறும்படத்துக்கான ஆஸ்கரை வென்ற முதல் அமெரிக்கர் அல்லாதவரின் படம்.

பிரதிகளைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. தியேட்டர் படங்கள் கொலம்பியா கையில், பெயரும் பாத்திரங்களும் சேப்பர்ஸ்டீன் கையில் என்று உரிமை பிரிந்துபோனதால், நல்ல குறும்படங்கள் பல பத்தாண்டுகள் கண்ணில் படாமல் கிடந்தன. ஓடியவை பெரும்பாலும் 16 மி.மீ. பிரதிகள். ஈஸ்ட்மன்கலர் என்ற வண்ணச்சுருள் பிரதியில் நீலப்பச்சைச் சாயம் சீக்கிரம் மங்கும், படம் முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். பக்ஸ் பன்னி மங்கிய பிரதியிலும் சிரிக்கவைப்பான்; நகைச்சுவை உருவத்திலும் நேரக்கணக்கிலும் இருக்கிறது. நிறமே நடிகராக இருக்கும் படத்தில் நிறம் போனால், மிஞ்சுவது காலி அறையில் நிற்கும் ஒரு பொம்மை. எழுபதுகளில் யூபிஏ வெறுமையாக இருக்கிறது என்று எழுதியவர்களில் எத்தனை பேர் சிவந்துபோன பிரதியைப் பார்த்து எழுதினார்களோ.

மீட்சியும் பிரதிகளோடுதான் வந்தது. 'ஜெரால்ட்' 1995-லும் 'டெல்-டேல் ஹார்ட்' 2001-லும் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ஏறின. 'பவர்பஃப் கேர்ள்ஸ்', 'சாமுராய் ஜாக்' தொடர்களில் யூபிஏ சாயல் வெளிப்படையாகத் தெரிந்தது. ஐம்பதுகளின் அனிமேஷன் வடிவமைப்பைத் தொகுத்த அமிட் அமிடியின் நூல் 2006-ல் வந்தது. 38 குறும்படங்கள் கொண்ட டிவிடி தொகுப்பு 2012-ல், தியேட்டர் மகூ படங்கள் முழுவதும் 2014-ல்.

இந்தப் புதுப் புகழிலும் ஒரு கோணல் இருக்கிறது. இப்போது யூபிஏ நின்ற படமாகவே சுற்றுகிறது: ஒரு ஃபிரேம், ஒரு போஸ்டர், கோட்டுக்கு வெளியே சற்று வழியும் நிறம். அதை நகலெடுப்பவர்கள் முக்கோண மூக்கையும் ஒற்றை நிறச் சுவரையும் எடுத்துக்கொண்டு, கணினியில் எல்லா உறுப்புகளையும் ஓயாமல் மிதக்கவிடுகிறார்கள். மென்பொருள் இடைப்படங்களைத் தானே போட்டுக்கொடுப்பதால் வரும் வினை. யூபிஏ போஸ் நின்றது, பிறகு சட்டென்று மாறியது. அந்த நிற்பதும் மாறுவதும்தான் பாணி. சந்தேகம் இருந்தால் 'ஜெரால்ட்' படத்தில் ஏதாவது பத்து விநாடியை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, எது எத்தனை ஃபிரேம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நகலில் அதே பத்து விநாடி.

புதிதாகப் பார்ப்பவர்கள் ஜெரால்டில் ஆரம்பிக்க வேண்டாம். 'ராபின் ஹுட்லம்' முதலில். பழைய பாணி எங்கே விரிசல் விடுகிறது என்று தெரியும். அடுத்து 'ராக்டைம் பேர்', 'ஜெரால்ட்', 'ரூட்டி டூட் டூட்', நகைச்சுவை ஓவியர் ஜேம்ஸ் தர்பரின் கோடுகளை அப்படியே அசையவைத்த 'தி யூனிகார்ன் இன் தி கார்டன்', பிறகு 'டெல்-டேல் ஹார்ட்'. இவற்றோடு ஒரே ஒரு டிக் டிரேசியையும் பாருங்கள், பழி எங்கிருந்து வந்தது என்று புரியும். 'வென் மகூ ஃப்ளூ' (1954) சினிமாஸ்கோப்பில் எடுத்தது. தொலைக்காட்சிக்காக இரு பக்கமும் வெட்டிய பிரதி இன்னும் இணையத்தில் சுற்றுகிறது. மகூவின் நகைச்சுவையில் பாதி, அவர் கவனிக்காமல் போகிற பொருள் ஃபிரேமின் மறு ஓரத்தில் இருப்பதுதான். சதுரத்துக்குப் பக்கமான பிரதி கையில் கிடைத்தால் பார்க்காமல் விட்டுவிடுங்கள்.